சாந்தோம் முற்றுகை: கற்கோட்டையும் நெற்கோட்டையும்

கோட்டை என்னும் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்குகிறது. மதிலும் அகழியும் சூழ்ந்த அரண் என்பது ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் வைக்கோற்புரி சுற்றி நெல்லைக் கட்டிவைக்கும் பெருங்கட்டும், அதன்வழி வந்த நெல்லளவும் மற்றொன்று. இவ்விரு பொருளையும் ஒருங்கே மனத்திற் கொண்டால் முற்றுகைப் போரின் இயல்பைப் பாதி அறிந்தவராவோம். ஏனெனில், கற்கோட்டையைக் காப்பது நெற்கோட்டையே. உள்ளே நெல் உள்ளவரை மதில் நிற்கும். நெல் தீர்ந்த நாளில், ஒரு கல் பெயராவிடினும், வாயில் திறந்துவிடும்.

நம் முன்னோர் இப்போர் முறையை நன்கு அறிந்திருந்தனர். மதிலை வளைத்தலையும் அதனைக் காத்தலையும் உழிஞை என்ற ஒரே திணையுள் அடக்கினார் தொல்காப்பியர். பின்னர் எழுந்த புறப்பொருள் வெண்பாமாலை, வளைப்பவனுக்கு உழிஞைப் பூவையும் காப்பவனுக்கு நொச்சிப் பூவையும் தந்து இவற்றை இரண்டு திணைகளாகப் பிரித்தது. பூவைச் சூடிய வீரனைப் பாடிய புலவர்கள் பலர். அவ்வீரனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியையே இன்றைய பேச்சில் நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்குரிய சான்றினை நெடுந்தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஐரோப்பியப் பேரரசுகள் இரண்டு, கோல்கொண்டா சுல்தானின் படையோடு கலந்து, 1672 முதல் 1674 வரை நம் மயிலாப்பூர்க் கடற்கரையில் நடத்திய சாந்தோம் முற்றுகையே அச்சான்று.

முதலில், அக்காலத்து ஐரோப்பாவில் முற்றுகைப் போர் ஏன் அத்துணைச் சிறப்புப் பெற்றது என்பதைக் காண்போம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீரங்கிகள் வலுப்பெற்றன. உயர்ந்து மெலிந்த பழைய மதில்கள் அவற்றின் குண்டுகளுக்குமுன் நில்லாது சரிந்தன. ஆகவே இத்தாலிய நாட்டுச் சிற்பிகள் புதுவகைக் கோட்டையை வகுத்தனர். மதிலைத் தாழ்த்தி, அகலப்படுத்தி, உள்ளே மண்ணை நிரப்பினர். மூலைகளில் அம்பு முனைபோல் வெளியே நீண்ட கொத்தளங்களை அமைத்தனர். ஒரு கொத்தளத்தின் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் அடிவாரத்தைக் காக்கும். பகைவன் ஒதுங்கி நிற்க ஒரு முழ நிழலும் கிட்டாது. இத்தகைய கோட்டைகள் பெருகவே, 17ஆம் நூற்றாண்டில் வெட்டவெளிப் போர்களைவிட முற்றுகைகளே மிகுந்தன. ஒரு நாட்டைப் பிடிப்பதென்றால் அதன் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிப்பதே என்றாயிற்று.

பூட்டு வந்தால் திறவுகோலும் வரும் அல்லவா? அத்திறவுகோலைச் செம்மையாக்கியவர் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் பொறியாளரான வோபான். அவர் முறை இதுதான். பீரங்கிக் குண்டு எளிதில் எட்டாத தொலைவில், இரவில், மதிலுக்கு இணையாக நீண்டதொரு பள்ளம் வெட்டப்படும். வெட்டிய மண்ணே முன்புறம் கரையாகும். அப்பள்ளத்திலிருந்து கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் வழியொன்று தோண்டப்படும். நேராகத் தோண்டினால் மதில்மேல் நிற்பவன் அதன் நெடுகிலும் சுடுவான். ஆதலால் பாம்புபோல் வளைத்துத் தோண்டினர். பாதி வழியில் இரண்டாவது இணைப்பள்ளம். அகழிக்கு அருகில் மூன்றாவது. மண் நிரப்பிய பெருங்கூடைகளையும் சுள்ளிக்கட்டுகளையும் முன்னே தள்ளிக்கொண்டு, அவற்றின் மறைவில் தோண்டுவோர் முன்னேறுவர். இறுதியில் பீரங்கிகளை மிக அருகில் நிறுத்தி மதிலைப் பிளப்பர். இங்ஙனம் மூன்று இணைப்பள்ளங்கள் வெட்டும் முறையை வோபான் முதன்முதல் கையாண்டது 1673ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில். பள்ளம் வெட்டத் தொடங்கி இரு வாரங்களுக்குள் அவ்வலிய நகரம் பணிந்தது. அதே 1673இல் சாந்தோமிலும் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. அங்கே இரு வாரம்; இங்கே இரண்டு ஆண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

கோட்டையைப்பற்றிக் கூறினோம், இனிப் போர்வீரனைப்பற்றிக் கூறுவோம். ரெஜிமெண்ட் என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் ஆளுகை என்பதாம். ஒரு கர்னலின் ஆளுகைக்கு உட்பட்ட படையே ரெஜிமெண்ட். அதனுள் பல கம்பெனிகள். கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்டன். அக்காலத்துக் காப்டன் இக்காலத்து அதிகாரியைப் போன்றவன் அல்லன். அவன் பாதி வீரன், பாதி குத்தகைக்காரன். ஆட்களைத் திரட்டுவதும், அவர்க்கு உடையும் கருவியும் தருவதும் அவன் பொறுப்பு. அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குப் பணம் கொடுக்கும். ஆகவே ஆள்கணக்கு எடுக்கும் நாளில் மட்டும் வழிப்போக்கர்களையும் வேலைக்காரர்களையும் வரிசையில் நிறுத்தி, இல்லாத வீரர்களுக்குச் சம்பளம் வாங்கிய காப்டன்கள் பலர் இருந்தனர். இப்பொய்க் கணக்கை ஒழிக்கப் பிரெஞ்சு அரசாங்கம் கடுந்தண்டனைகளை விதிக்க வேண்டியிருந்தது.

வரிசையில் நின்ற உண்மையான வீரனின் நிலை என்ன? பிரெஞ்சுக் காலாட்படை வீரனுக்கு நாளொன்றுக்கு 5 சூ என்னும் சிறு தொகையே கூலி. அதிலும் உணவுக்கும் உடைக்கும் பிடித்தம் உண்டு. ஒன்றரைப் பவுண்டு ரொட்டி அவனது அன்றாடப் படி. வீரர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட நெடிய ஈட்டியை ஏந்தினர். ஏனையோர் திரித்துப்பாக்கி ஏந்தினர். அத்துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் கெட்டித்து, கனன்றுகொண்டிருக்கும் திரியைத் தொடுவித்துச் சுட வேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் குதிரைவீரன் பாய்ந்துவிடுவான் ஆதலால், துப்பாக்கிக்காரனுக்கு ஈட்டிக்காரன் வேலியாக நின்றான். மழை பெய்தால் திரி அணையும், மருந்து நனையும். ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரையில் பெய்யும் அடைமழையை அறிந்தவர்கள், இக்கருவியின் அருமையையும் குறையையும் எளிதில் உணர்வர்.

இக்கருவிகளைக் கையாளும் முறையைப் படிப்படியாகப் பிரித்து, ஆணைச் சொற்களோடு பயிற்றுவித்தவர்கள் டச்சுக்காரர்கள். நாஸா மரபினரான மாரிஸ் இளவரசரின் காலத்தில் இப்பயிற்சி முறை உருவாயிற்று. 1607இல் யாக்கோப் தெ கெய்ன் என்பவரின் படங்களோடு அது நூலாகவும் வெளிவந்தது. பாடத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் பழக்கிய பின் ஒன்றுசேர்க்கும் இம்முறை, ஆசிரியத் தொழிலில் இருந்த எமக்குப் புதியதன்று. ஆயினும் கீழ்நாடுகளுக்கு வந்த டச்சுக் கம்பெனியின் வீரர்கள் அனைவரும் டச்சுக்காரர்கள் அல்லர். ஜெர்மன் நாட்டு ஏழை இளைஞர்கள் பலர் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்தனர். விடுதி நடத்துவோர் அவர்களுக்குக் கடனாகச் சோறிட்டு, அக்கடனுக்கு ஈடாகக் கம்பெனிப் படையில் சேர்த்துவிட்டனர். அவ்விடுதிக்காரர்களை ஆன்மாவை விற்பவர் என்றே அந்நாட்டு மக்கள் அழைத்தனர். மாதம் ஏறக்குறைய 9 கில்டர் சம்பளம், ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒரு வேளைச் சோற்றுக் கடனுக்காகக் கப்பலேறியவன் மயிலாப்பூர் மணலில் வந்து நின்றான்.

இனிச் சாந்தோமின் கதைக்கு வருவோம். மயிலாப்பூரை ஒட்டிய இவ்வூரில் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து போர்த்துக்கீசியர் குடியிருந்தனர். பின்னர் மதிலும் கொத்தளங்களும் எழுப்பினர். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதனைக் கைப்பற்றிற்று. வடக்கே பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக் கோட்டை இருந்தது. இடையில், 1639இல் நிலம் பெற்ற ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தனர். மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கோல்கொண்டா ஆட்சியின் நிர்வாகத் தலைமையிடங்களுள் ஒன்றாகிய பூந்தமல்லி இருந்தது. கடற்கரையில் வாணிகம் செய்த ஐரோப்பியர் எவராயினும், நிலத்துக்கு உரிய அதிகாரியின் மனநிலையை அறியப் பூந்தமல்லியை நோக்கியே காதை வைத்திருக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக்காரர் இக்கூட்டத்துக்குக் காலந்தாழ்ந்து வந்தவர்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல்தான் அமைச்சர் கொல்பேரின் முயற்சியால் நிறுவப்பட்டது. டச்சுக்காரரின் வாணிக ஆதிக்கத்தை உடைக்கும் நோக்கத்தோடு, ழாக்கோப் பிளாங்கே தெ லா ஹே என்பவரின் தலைமையில் ஒன்பது கப்பல்கள் 1670இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டன. அவர் கடற்படைத் தளபதி மட்டுமல்லர்; அரசப் பிரதிநிதி என்ற பட்டமும் உடையவர். சூரத்துக்கு வந்து, அங்கிருந்து இலங்கைக்குச் சென்று, 1672இல் திருகோணமலையில் இறங்கினார். டச்சுக் கப்பற்படை எதிர்க்கவே, அங்கே கால் ஊன்ற இயலவில்லை. நோயாலும் பசியாலும் வாடிய ஆட்களோடு சோழமண்டலக் கரைக்கு வந்து, 1672 ஜூலையில் சாந்தோமுக்கு எதிரே நங்கூரமிட்டார்.

அவர் முதலிற் கேட்டது கோட்டையை அன்று; உணவுப்பொருளையே கேட்டார். கோல்கொண்டா அதிகாரி மறுத்தார். உடனே கப்பற் பீரங்கிகள் முழங்க, பிரெஞ்சு வீரர்கள் கரையேறி, ஜூலை 25ஆம் நாள் கோட்டையைப் பிடித்துக்கொண்டனர். கோட்டையைப் பிடித்தல் ஒரு நாளில் முடிந்தது. அதனைக் காத்தல் இரண்டாண்டு வேலையாயிற்று.

அவ்வாண்டிலேயே கோல்கொண்டாவில் அபுல் ஹசன் குதுப்ஷா அரியணை ஏறியிருந்தார். தம் துறைமுகம் ஒன்றை அயலார் பறித்ததை அவர் பொறுக்கவில்லை. குதிரைப்படையும் காலாட்படையும் வந்து சாந்தோமை வளைத்தன. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பாசறைகளாயின. உயர்ந்த மதிலுடைய எந்தக் கட்டடமும் படைகளுக்கு அரணாகப் பயன்பட்டது. திருவல்லிக்கேணிக் கோயிலும் இதற்கு விலக்காகவில்லை. எனினும் கோல்கொண்டாப் படையின் வலிமை குதிரையில் இருந்தது, மண்வெட்டியில் இல்லை. கொத்தளக் கோட்டையை அணுகிப் பிளப்பதற்குரிய பொறியாளர்கள் அதனிடம் இல்லை. பிரெஞ்சுக்காரர் அவ்வப்போது வாயிலைத் திறந்து வெளிப்பாய்ந்து, பாசறைகளைக் கலைத்து மீண்டனர். ஆகவே முதல் முற்றுகை 1673இன் தொடக்கத்தில் தளர்ந்தது.

அண்டையிலிருந்த ஆங்கிலேயரின் நிலையும் விந்தையானது. ஐரோப்பாவில் 1672இல் இங்கிலாந்தும் பிரான்சும் கூட்டாக டச்சுக்காரர்மீது போர் தொடுத்திருந்தன. அக்கணக்கில் சென்னைக் கவர்னர் வில்லியம் லாங்ஹார்ன் பிரெஞ்சுக்காரருக்கு நண்பர். ஆனால் சென்னையின் நிலம் கோல்கொண்டாவின் நிலம். கோல்கொண்டா பிரெஞ்சுக்காரருக்குப் பகை. நண்பனுக்கு அரிசி விற்றால் நிலவுடையோன் சினப்பான். விற்காவிடில் நண்பன் குறைகூறுவான். மதில்மேற் பூனை என்னும் பழமொழி இவருக்கே பொருந்தும். அவர் தம் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டு, சாந்தோம் வலுப்பெறாதிருந்தால் போதும் என்று காத்திருந்தார். 1674 பிப்ரவரியில் இங்கிலாந்து டச்சுக்காரரோடு சமாதானம் செய்துகொண்டபோது, பிரெஞ்சுக்காரர் தனித்து நின்றனர்.

இதற்கிடையில் 1673ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ரைக்ளோஃப் வான் கூன்ஸ் என்னும் டச்சுத் தளபதி பெரும் கப்பற்படையோடு வந்து சேர்ந்தார். கோல்கொண்டாவும் டச்சுக் கம்பெனியும் ஒன்றுபட்டன. நிலவழியைச் சுல்தானின் குதிரைகளும், கடல்வழியை டச்சுக் கப்பல்களும் அடைத்தன.

மாஸ்ட்ரிக்டில் இரு வாரம், சாந்தோமில் இரண்டாண்டு என்னும் வேறுபாட்டுக்கு இப்போது விடை கூறலாம். மாஸ்ட்ரிக்டில் மன்னர் லூயியே பெரும்படையோடு வந்திருந்தார். பள்ளம் தோண்டுவதற்கு அண்டை ஊர்களின் குடியானவர்கள் பல்லாயிரவர் வற்புறுத்திக் கொண்டுவரப்பட்டனர். வோபான் அறிவு தந்தார்; குடியானவன் தோள் தந்தான். சாந்தோமில் டச்சுக்காரரிடம் பயிற்சி இருந்தது, போதிய ஆட்கள் இல்லை. கோல்கொண்டாவிடம் ஆட்கள் இருந்தனர், அப்பயிற்சி இல்லை. மதிலைப் பிளக்க இயலாத போது வயிற்றைப் பிளப்பதே வழி என்று இருவரும் துணிந்தனர். போர்க்கலையில் இது மிகப் பழைய முறை. செலவு குறைந்த முறை. இரக்கமும் குறைந்த முறை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்று கொள்வோம். ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 750 கிலோ. ஓராண்டுக்கு ஏறக்குறைய 274 டன். இது போர்வீரர்களுக்கு மட்டும். அவர்களோடு கோட்டையுள் வாழ்ந்த ஊர்மக்களையும், பணியாட்களையும், கால்நடைகளையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். இத்தனையும் சாந்தோமின் மணலில் விளையக்கூடியவை அல்ல. உப்பும் மீனும் தவிர மற்றெல்லாம் வெளியிலிருந்தே வர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் கப்பல்கள் தங்க இயலாது. அப்போது பகைக்கப்பல்கள் அகலும், ஆனால் துணைக்கப்பலும் வாராது. பருவம் மாறியதும் பகைவன் முன்னே வந்து நிற்பான்.

இவ்வரிசித் தேவையிலிருந்தே தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு பெருநிகழ்ச்சி விளைந்தது. சாந்தோமுக்கு உணவும் உதவியும் தேடும்பொருட்டுப் பெலாஞ்ஷே தெ லெஸ்பினே என்னும் இளம் அதிகாரியைத் தெ லா ஹே தெற்கே அனுப்பினார். வாலிகண்டபுரத்திலிருந்து அப்பகுதியை ஆண்டுவந்த பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடி அவருக்கு ஆதரவு அளித்தார். தம் ஆட்சிக்குட்பட்ட கடற்கரைச் சிற்றூர் ஒன்றைப் பிரெஞ்சுக்காரரின் பயன்பாட்டுக்கு விட்டார். 1673 பிப்ரவரியில் லெஸ்பினே அங்கு வந்து தங்கினார். அச்சிற்றூரே புதுச்சேரி. 1674 ஜனவரியில் பிரான்சுவா மர்த்தேன் என்பவரும், முற்றுகையிலிருந்த சாந்தோமிலிருந்து உணவுப்பொருள் சேகரிக்கவே அங்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகராக விளங்கிய புதுச்சேரி, அரசியற் பெருந்திட்டத்தால் தோன்றியதன்று. பசித்த கோட்டைக்கு அரிசி அனுப்பும் கிடங்காகத் தோன்றியது.

ஆனால் அனுப்பிய அரிசி போதவில்லை. பிரான்சிலிருந்து எதிர்பார்த்த பெரும் உதவியும் வரவில்லை. குண்டடி பட்டு மாண்டவரைவிட நோயாலும் பட்டினியாலும் மாண்டவர் மிகுதி என்பது அக்காலத்து முற்றுகைகள் அனைத்துக்கும் பொதுவான உண்மை. சாந்தோமும் அதற்கு விலக்கன்று. வீரர்கள் சிலர் மதில் தாண்டி ஓடினர். மதிலுக்கு வெளியே இருந்த டச்சுப் படையிலிருந்தும் ஓடிவந்தவர் உண்டு. இருபுறமும் ஓடியவன் ஒருவனே: சம்பளம் காணாத ஏழை. இறுதியில் 1674 செப்டம்பர் 6ஆம் நாள் தெ லா ஹே சரண் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். எஞ்சியிருந்த பிரெஞ்சு வீரர்கள் சில நூற்றுவரே.

அவ்வுடன்படிக்கை, அக்காலத்துப் போர் மரபுகளுள் ஒன்றை நமக்குக் காட்டுகிறது. நெடுநாள் எதிர்த்து நின்ற படை பணியும்போது, கொடி பறக்க, முரசு ஒலிக்க, படைக்கலங்களோடு வெளியேற அனுமதிப்பது போர் மரியாதை எனப்படும். துப்பாக்கித் திரியின் இரு முனையும் எரிய, வாயில் குண்டைக் கவ்வியபடி செல்வதும் அம்மரபில் உண்டு. இன்னும் போரிட வல்லோம் என்பது அதன் குறிப்பு. சாந்தோமின் பிரெஞ்சுக்காரர் இம்மரியாதையோடு வெளியேறினர். தாய்நாட்டுக்குச் செல்லக் கப்பலும் டச்சுக்காரரே தந்தனர். இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளுதல் தகாது. இறுதிவரை போரிட்டால் இருபுறமும் உயிரும் பணமும் அழியும். மரியாதையோடு வழிவிட்டால் இரண்டும் மிஞ்சும். கணக்கறிந்த வாணிகக் கம்பெனிக்கு இது நன்கு விளங்கும். தெ லா ஹே நாடு திரும்பி, 1677இல் ஐரோப்பியப் போர்க்களத்திலேயே உயிர்நீத்தார்.

கோட்டை மட்டும் எவருக்கும் பயன்படவில்லை. சாந்தோம் மீண்டும் கோல்கொண்டாவுக்கே உரியதாயிற்று. மற்றோர் ஐரோப்பியன் வந்து புகுந்துகொள்வானோ என்னும் அச்சத்தால் அதன் அரண்கள் இடிக்கப்பட்டன. அங்ஙனம் இடிக்கப்படுவதையே ஆங்கிலேயரும் விரும்பினர். பக்கத்துக் கோட்டை அழிந்தபின் சென்னை தழைத்தது. 1749இல் சாந்தோமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று அங்கே 1896இல் எழுப்பப்பட்ட பேராலயத்தின் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்து தெரிகிறது. இரண்டாண்டுக் காலம் பல்லாயிரவரைப் பசியில் வாட்டிய மதில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புதுச்சேரியின் பிற்கால வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. 1693இல் டச்சுக்காரர் அதனை முற்றுகையிட்டுப் பிடித்தனர். ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் திருப்பித் தந்தனர். இனி ஒருபோதும் இழத்தலாகாது என்று கருதிய மர்த்தேன், வோபானின் கோட்டைமுறையைப் பின்பற்றி ஐந்து கொத்தளங்களுடைய லூயிக் கோட்டையை 1706இல் நிறைவு செய்தார். கல்லாலான அரண் என்ற வகையில் அதற்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் நிலத்தையும் கடலையும் அடைத்தபோது, சாந்தோமின் கதையே மீண்டும் நடந்தது. உணவு குறையவே, பிரெஞ்சுத் தளபதி லாலி நகரத்துத் தமிழ் மக்கள் ஏறத்தாழ 1400 பேரை மதிலுக்கு வெளியே துரத்தினார். முற்றுகையிட்டோரும் அவர்களைத் தம் வரிசையைக் கடக்க விடவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் இரு படைகளுக்கும் இடையே, கிடைத்த கிழங்கையும் புல்லையும் தின்று, நாட்கணக்கில் கிடந்தனர். அதன் பிறகே வழி விடப்பட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி பசியாற் பணிந்தது. அது பணிவதற்குச் சில நாட்கள் முன்னரே, அவ்வூரின் நிகழ்ச்சிகளைத் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். வோபான் முறைக் கோட்டையை ஆங்கிலேயர் அவ்வாண்டிலேயே இடித்துத் தள்ளினர்.

உழிஞையும் நொச்சியும் பாடிய இலக்கணம் மதிலின் இருபுறத்தாரையும் வகுத்தது. அந்த 1400 பேர் எந்தப் பூவைச் சூடியவர்கள்? அவர்கள் வளைத்தவரும் அல்லர், காத்தவரும் அல்லர். முற்றுகையின் முழுச்சுமையும் இம்மூன்றாம் வகையினர் தலையிலேயே விழுந்தது.

இம்மூன்றாம் வகையினரைத் தேடினால், சென்னைக்கு மேற்கே உள்ள நம் ஊர்களுக்கும் வந்து சேர்வோம். செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் எனப் பேரேரிகள் வரிசையாக அமைந்த நிலம் இது. பூந்தமல்லியில் அமர்ந்திருந்த அதிகாரிக்கு வருவாய் என்பது இத்தகைய நெல்வயல்களின் விளைச்சலே. ஒரு குதிரைப்படை மாதக்கணக்கில் கடற்கரையில் தங்கினால், அதற்குப் புல்லும் கொள்ளும் வைக்கோலும் வேண்டும். வீரர்க்கு அரிசி வேண்டும். அவற்றை ஏற்றிச்செல்ல மாடும் வண்டியும் வேண்டும். இவையெல்லாம் உள்நாட்டிலிருந்தே கடற்கரைக்குச் செல்லும். படை வாழ்வது நாட்டை உண்டுதான் என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும். நட்புப்படை வந்தாலும் பகைப்படை வந்தாலும் குடியானவன் களஞ்சியத்துக்கு வித்தியாசம் இல்லை. சாந்தோம் முற்றுகையைப்பற்றி மர்த்தேனும், லெஸ்பினேயும், அபே கரே என்னும் பாதிரியாரும் விரிவாக எழுதிவைத்தனர். அவர்கள் ஏடுகளில் தளபதிகளுக்கும் வணிகர்களுக்கும் பெயர் உண்டு. அரிசி மூட்டையைச் சுமந்தவனுக்கு அரிசி விலையே பெயர்.

இம்மேற்குப் புறநகரங்களுக்கும் படைக்கும் உள்ள தொடர்பு அத்துடன் அற்றுப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி, ஆங்கிலப் படையில் புதிதாக வந்திறங்கியோரும் நோயுற்றோரும் தங்கும் இடமாக இருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் நம் நாட்டின் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. திரித்துப்பாக்கிக்கும் டாங்கிக்கும் இடையே மூன்று நூற்றாண்டு அறிவு வளர்ச்சி உண்டு. ஆனால் அவ்விரண்டையும் இயக்குபவன் நாள்தோறும் உண்ண வேண்டும் என்ற உண்மை மட்டும் மாறவில்லை. நகரங்களை வளைத்து உணவை அடைக்கும் கொடுமையும் உலகத்தை விட்டு நீங்கவில்லை. லெனின்கிராட் நகரம் 1941 முதல் 1944 வரை அடைபட்டபோது, இலட்சக்கணக்கான பொதுமக்கள் பட்டினியால் மாண்டனர். பொதுமக்களைப் பட்டினியிட்டு வெல்லும் முறை கூடாது என்று 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளின் இணைப்பு ஒப்பந்தம் விதித்தது. சாந்தோமுக்கு 300 ஆண்டு கழித்து உலகம் எழுதிய விதி அது. எழுதியவாறு நடத்தல் இனி ஆகவேண்டிய வேலை.

பள்ளி மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும்போது, எந்த ஆண்டில் எந்தக் கோட்டை வீழ்ந்தது என்று கேட்கிறோம். அக்கேள்வி வேண்டியதே. அதனோடு வேறு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். அக்கோட்டையில் இருந்தவர்க்கு யார் சோறிட்டனர்? அச்சோறு யாருடைய களத்திலிருந்து சென்றது? வாயில் அடைபட்டபோது வெளியே தள்ளப்பட்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடும் மாணவன், போரைக் கதையாகக் கேட்பதோடு நில்லாமல் அதன் விலையையும் அறிவான். விலையறிந்த குடிமக்கள் நிறைந்த நாடு தன் நெற்கோட்டையை நிறைத்து வைக்கும். பிறர் நெற்கோட்டையில் கைவைக்கவும் நாணும்.